வான்கோளத்தில் சிங்கம் திரும்பி நிற்பது பிழையல்ல

வணக்கம். அம்மப்பா விட்டுச்சென்ற, கையால் வரைந்த வான்கோளத்தில் (நட்சத்திரக் கூட்டங்களைக் காட்டும் உருண்டையில்) சிங்கம் இடவலம் மாறி நிற்கிறது, போலியா என்றும், கடலோர வெள்ளவத்தை வீட்டில் பிடித்த பூஞ்சணத்தை ஈரத்துணியால் துடைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

தயவுசெய்து துடைக்க வேண்டாம். நீர்வர்ணமும் மையும் கரைந்துவிடும், உருண்டையில் ஒட்டிய கடதாசித் துண்டுகளின் விளிம்பு எழும்பும். முதலில் கடற்பக்கச் சுவரிலிருந்து தள்ளி, ஈரப்பதன் 50–55 வீதம் உள்ள அறையில் வையுங்கள். பூஞ்சணம் காய்ந்து தூளானதும், முகக்கவசம் அணிந்து, மென்தூரிகையால் தூசு உறிஞ்சியின் வாயை நோக்கித் தட்டுங்கள். ஏசியை இரவில் போட்டுப் பகலில் நிறுத்துவது கூடாது: கடதாசியும் அதன் அடியிலுள்ள சாந்தும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால் வெடிப்பு வரும். எழும்பிய துண்டுகளுக்கு செலோடேப்போ பசையோ போடாமல் பேணல் வல்லுநரிடம் கொடுங்கள்.

சிங்கம் திரும்பியிருப்பது சரிதான். வான்கோளம் வானத்தை வெளியே நின்று பார்ப்பதுபோல் வரையப்படுவது, ஆகவே நாம் கீழிருந்து காண்பதற்கு இடவலம் மாறித் தெரியும்.

கோளத்தின் வயதைக் கணிக்க, சிங்கத்திலுள்ள மக நட்சத்திரம் (Regulus) அருமையான அடையாளம். சூரியபாதையை, அதாவது சூரியன் ஓராண்டில் வானில் செல்லும் கோட்டை, ஒட்டியே இருக்கிறது. மேடத்தின் தொடக்கத்திலிருந்து (நம் பஞ்சாங்க மேடமல்ல, சூரியபாதை வான நடுக்கோட்டை வெட்டும் வசந்தப் புள்ளி) அதன் பாகையை எண்ணுங்கள். 2000இல் அது 149.8. ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு பாகை கூடும். ஆகவே 147 பாகை, அதாவது சிங்கத்தில் 27, என்றால் சுமார் 1800. 30 சென்ரிமீற்றர் விட்டத்தில் ஒரு பாகை 2.6 மில்லிமீற்றர்தான், ஒரு மில்லிமீற்றர் பிசகினால் 27 ஆண்டு தவறும். வளையும் கடதாசிப் பட்டியால் அளவுங்கள். கிடைப்பது நட்சத்திரப் பட்டியலின் காலம். பழைய பட்டியலைப் பார்த்துப் பின்னாளில் வரைந்திருக்கவும் கூடும்.