‘அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?’ – வாசகர் கேள்வி பதில்

ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட செய்தியை, சாப்பிட்டுக்கொண்டே இரவு ஒன்பது மணி டிவி செய்தியில் பார்த்ததாக அம்மா அடித்துச் சொல்கிறார். அண்ணனோ, ‘அதெல்லாம் கதை’ என்கிறான். யார் சொல்வது சரி?
– வாசகி, திருவண்ணாமலை

நேரக் கணக்கில் உங்கள் அண்ணன் சொல்வதுதான் சரி. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததே இரவு பத்தேகால் தாண்டித்தான். ஒன்பது மணிச் செய்தியில் அது வர வழியே இல்லை. ஆனாலும் அம்மா கதை விடவில்லை. மறுநாள் காலை ரேடியோவிலோ, பக்கத்து வீட்டார் சொல்லியோ முதலில் கேள்விப்பட்டிருப்பார். அடுத்த சில நாட்கள் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார். காதில் விழுந்ததைவிடக் கண்ணில் பட்டது அழுத்தமாகப் பதியும். காலம் போகப் போக, இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ தெரிந்துகொண்ட விதமே ‘முதல் தடவை’ என்ற இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும். இந்த வகை நினைவில் அதிகம் நடக்கும் பிழையே இதுதான்.

அமெரிக்காவில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்வெளி ஓடம் வெடித்துச் சிதறியது. மறுநாள் காலையிலேயே உல்ரிக் நைஸர் என்ற உளவியலாளர் எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம், செய்தியை எங்கே, யார் சொல்லிக் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கி வைத்தார். இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் கழித்து, அவர்களில் 44 பேரிடம் அதே கேள்விகளைக் கேட்டார்கள். 11 பேர் சொன்னதில் முக்கிய விவரம் ஒன்றுகூடப் பழைய தாளோடு ஒத்துப்போகவில்லை. டிவியில்தான் முதலில் பார்த்தேன் என்றவர்கள் முதல் தடவை 21 சதவீதம், இரண்டாம் தடவை 45 சதவீதம். சொந்தக் கையெழுத்தில் இருந்த தாளைக் காட்டிய பிறகும் பலருக்குப் பழைய நினைவு திரும்பவில்லை.

தாத்தாவுக்கு 81 வயது. இந்திரா காந்தி சுடப்பட்ட நாளைப் பற்றி அவர் பேசுவதைப் பதிவு செய்து வைக்க ஆசை. எப்படித் தொடங்குவது?
– வாசகர், மணப்பாறை

முதலில் செய்யக் கூடாததைச் சொல்லிவிடுகிறோம். பேச உட்காருவதற்கு முன் அந்த நாளைப் பற்றிய வீடியோ, பழைய பேப்பர் எதையும் அவருக்குக் காட்டாதீர்கள். காட்டினால் பாதி அந்த வீடியோவின் நினைவாகத்தான் வரும். பாட்டியையும் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள். ‘இல்லீங்க, அன்னைக்கு நாம உங்க தங்கச்சி வீட்லல்ல இருந்தோம்’ என்று ஒரு வார்த்தை விழுந்தால் போதும், தாத்தாவின் நினைவு அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். பாட்டியிடம் வேறொரு நாள் தனியாகக் கேளுங்கள்.

ஃபேனை நிறுத்துங்கள், பதிவில் பெரிய இரைச்சல் அதுதான். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல், அவர் வாயிலிருந்து ஒரு முழத் தூரத்தில் வையுங்கள். வெறும் மேஜையில் வைத்தால் டம்ளர் வைக்கிற சத்தம்கூட இடியாகக் கேட்கும். தொடங்கும்போதே இன்றைய தேதி, ஊர், பேசுபவர் பெயர், வயது எல்லாவற்றையும் சொல்லிப் பதியுங்கள். முக்கால் மணி நேரம் போதும். அதற்குமேல் அவர் களைத்துப்போய், நீங்கள் கேட்பதற்கெல்லாம் ஆமாம் போடத் தொடங்கிவிடுவார்.

‘ரேடியோல கேட்டீங்களா தாத்தா?’ என்று கேட்காதீர்கள். பதிலை நீங்களே எடுத்துக் கொடுப்பது போல ஆகிவிடும். ‘அன்னைக்குக் காலையில எந்திரிச்சதுல இருந்து சொல்லுங்க’ என்று தொடங்கி, குறுக்கே பேசாமல் கேளுங்கள். அவராக முடித்த பிறகு விட்டுப்போனதை மட்டும் கேட்கலாம்: எங்கே இருந்தார், என்ன செய்துகொண்டிருந்தார், யார் சொன்னது, கூட யார் இருந்தார்கள், அடுத்து என்ன செய்தார். ‘ஞாபகமில்ல’ என்றால் அதுவும் பதில்தான், விட்டுவிடுங்கள். ‘அப்ப மனசு எப்படி இருந்துச்சு?’ என்பதையும் கேளுங்கள், ஆனால் பெரிதாக நம்பாதீர்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதல் பற்றிய நினைவுகளைப் பல ஆண்டு தொடர்ந்து ஆராய்ந்தபோது, இடத்தையும் சொன்ன ஆளையும்விட அன்றைய உணர்ச்சியைத்தான் மக்கள் அதிகம் மாற்றிச் சொன்னார்கள்.

பதிவு முடிந்த பிறகு சரிபார்க்கலாம். 1984 அக்டோபர் 31 புதன்கிழமை. சுட்டது காலை ஒன்பது மணிக்குப் பின். ஆகாஷ்வாணி மரணத்தை அறிவித்தது மாலை ஆறு மணி வாக்கில். பிபிசி அதற்கு வெகு நேரம் முன்பே சொல்லிவிட்டது. அதனால் ‘மத்தியானமே தெரியும்’ என்று தாத்தா சொன்னால் அவசரப்பட்டுத் தப்பு என்று அடித்துவிடாதீர்கள். பிபிசி கேட்கிறவர் ஒருத்தர் இருந்தால் போதும், தெருவுக்கே தெரிந்திருக்கும். அதே தாத்தா ‘ஞாயித்துக்கிழமை, லீவு நாள்’ என்றால் வேறு ஏதோ ஒரு நாள் கலந்திருக்கிறது. எங்கே ஒத்துப்போகவில்லையோ அதைத் தனித் தாளில் குறித்து வையுங்கள். பதிவை வெட்டித் திருத்தாதீர்கள்.

நினைவைச் சரிபார்க்க சுலபமான வழி உண்டா?
– வாசகர், பொள்ளாச்சி

அந்தக் காலத்தில் இல்லாத பொருள் உள்ளே நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள். ராஜீவ் இறந்த செய்தி ‘செல்போன்ல வந்துச்சு’ என்றால் நடக்காது. இந்தியாவில் செல்போன் சேவை தொடங்கியது 1995இல். ‘சன் டிவியில பார்த்தேன்’ என்றாலும் நடக்காது. அது 1993இல் வந்தது. ‘ஸ்கூல்ல பிரேயர்ல சொன்னாங்க’ என்பதும் சந்தேகத்துக்குரியது, மே மாதம் கோடை விடுமுறை. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. தமிழ்நாட்டுக் கரையில் சுனாமி அலை ஏறியது காலையில். ‘சாயங்காலம் பீச்சுக்குப் போயிருந்தப்ப அலை வந்துச்சு’ என்று யாராவது சொன்னால், கேட்டுக்கொள்ளுங்கள், எழுதிக்கொள்ளாதீர்கள்.

சுனாமியின்போது எனக்கு இரண்டு வயது. தண்ணீர் வாசல் வரை வந்தது கண் முன்னால் நிற்கிறது. நிஜமா?
– வாசகி, கடலூர்

பெரும்பாலும் வீட்டார் சொல்லிச் சொல்லி உருவான காட்சி. பெரியவர்களுக்கு இருக்கும் மிகப் பழைய நினைவே சராசரியாக மூன்று, மூன்றரை வயதில்தான் தொடங்குகிறது.

இப்படி மாற்றிச் சொல்கிறவர்களைப் பொய்யர் என்று சொல்லலாமா?
– வாசகர், விருதுநகர்

அமெரிக்க அதிபராக இருந்த ஜார்ஜ் புஷ், செப்டம்பர் 11 அன்று ஃபுளோரிடாவில் ஒரு பள்ளி வகுப்பறைக்குள் போகும் முன், முதல் விமானம் கோபுரத்தில் மோதியதை டிவியில் பார்த்ததாகச் சொன்னார். அந்தக் காட்சி அன்று காலை எந்த டிவியிலும் வரவில்லை. உடனே, ‘இவருக்கு முன்கூட்டியே தெரியும்’ என்று சதிக்கதைகள் கிளம்பின. திருவண்ணாமலை அம்மாவுக்கு நடந்ததேதான் அவருக்கும் நடந்தது. பொய் என்றால், உண்மை தெரிந்திருந்தும் மாற்றிச் சொல்ல வேண்டும். இவர்களுக்குத் தெரிந்ததே அந்த மாறிப்போன வடிவம்தான்.