முகம் அறியாதவர் கையில் மிளகு மூட்டை

கேள்வி: பழனிமலையின் கீழ்ச்சரிவில் காப்பித் தோட்டத்துக்குள் மிளகுக் கொடி ஏற்றியிருக்கிறேன். மூட்டைகளை வத்தலக்குண்டு மண்டியில் இறக்கிவிட்டுப் பணத்துக்குப் பதினைந்து நாள் காத்திருப்பதற்குள்ளேயே மனம் அடித்துக்கொள்கிறது. வங்கியும் தொலைபேசியும் இல்லாத சோழர் காலத்தில், கடல் கடந்து சரக்கு அனுப்பியவர்கள் எதை நம்பி அனுப்பினார்கள்?
— வாசகர் ஒருவர், பண்ணைக்காடு

பதில்: இதே கவலை 12-ஆம் நூற்றாண்டு வணிகரையும் வாட்டியதற்குக் கடிதச் சான்றே இருக்கிறது. துனிசியாவிலிருந்து வந்த ஆபிரகாம் பென் யிஜூ என்னும் யூத வணிகர், 1132 முதல் ஏறத்தாழ 17 ஆண்டுகள் மங்களூர்ப் பக்கம் தங்கி, மிளகு, ஏலக்காய், இரும்பு ஆகியவற்றை ஏமன் நாட்டுத் துறைமுகமான ஏடனுக்கு அனுப்பிவந்தார். அவருக்கு வந்த கடிதங்கள் கெய்ரோவின் பழைய யூதத் தொழுகைக்கூடம் ஒன்றில் கிடைத்தன. உள்ளூர் வியாபாரி ஒருவர் ஏலக்காய்க்கு முன்பணம் வாங்கிக்கொண்டு சரக்கைத் தராமல் இழுத்தடித்தபோது, கடன் தீர்க்காதவர்களை ஏடனில் சமூகத்திலிருந்து விலக்கிவைப்போம் என்று அந்த வியாபாரியை அச்சுறுத்திப் பார்க்கும்படி ஏடன் கூட்டாளி ஒருவர் எழுதுகிறார். பெயர் கெட்டால் எந்தத் துறைமுகத்திலும் பிழைக்க முடியாது என்பதே அன்று கையில் இருந்த பிணை. கணக்கும் கண்டிப்பும் நிறைந்த அதே கடிதங்களோடு காகிதம், சர்க்கரை, உலர்திராட்சை என அன்பளிப்புகளும் வந்தன. வியாபாரமும் நட்பும் அங்கே பிரிக்க முடியாதவையாக இருந்தன.

தமிழ் வணிகர் இந்த நம்பிக்கையைத் தனி மனிதரிடம் விடாமல் ஒரு குழுவிடம் ஒப்படைத்தனர் என்பதே என் கருத்து. பாய்மரக் கப்பலைச் செலுத்தும் பருவக்காற்றைத் தவறவிட்டவர் அடுத்த பருவம்வரை அயல்கரையில் காத்திருக்க வேண்டியிருந்ததால், தங்குமிடமும் நீரும் காவலும் அங்கேயே தேவைப்பட்டன. 9-ஆம் நூற்றாண்டில் இன்றைய தாய்லாந்தின் தகுவாபாவில் வெட்டப்பட்ட அவனிநாரணம் என்னும் குளத்தை, மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவினர் முதலியோரின் காவலில் வைத்ததாகத் தமிழ்க் கல்வெட்டுச் சொல்கிறது. சுமத்ராவின் பாரூசில் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் 1088-இல் நட்ட கல் இன்னும் நுணுக்கமானது: கப்பல் தலைவனும் உடன் வந்தவர்களும் கஸ்தூரி விலையை ஒட்டிப் பொன் செலுத்திய பிறகே பாவாடையில், அதாவது தரையில் விரித்த துணியில், கால் வைக்கலாம். அரசன் ஆணையிடாமல், வணிகர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட கட்டணம் இது; படிக்கும்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. 1281-இல் சீனத்தின் சுவான்சௌவில் சிவன் கோயில் எழுப்பி, அதைத் தமிழில் பொறித்துவைக்கும் அளவுக்கு நம்மவர் அங்கே வேரூன்றியிருந்தனர்.

இவற்றைக் காணக் கடல் கடக்க வேண்டியதில்லை. சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலைக் கோயிலில், ஐந்நூற்றுவர் கூடிச் சரக்குகளின்மேல் கோயிலுக்காக மகமை என்னும் பங்குக் கட்டணம் விதித்த கல்வெட்டு இருக்கிறது. உப்பு, நெல், பாக்கு, இரும்பு, நூல், சந்தனம், குதிரை, யானை என நீளும் அந்தப் பட்டியலில் மலைச்சரக்கான தேனும் மெழுகும் உள்ளன. பண்ணைக்காட்டிலிருந்து அதிகாலையில் புறப்பட்டால் நத்தம் வழியாகப் போய் அன்றே திரும்பிவிடலாம். உங்கள் மிளகின் பெயரையும் அந்தக் கல்லில் காணலாம்.