மாத்திரைக்குத் தப்பி ஒளியும் எச்.ஐ.வி.: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

எச்.ஐ.வி.யை அடக்கிவைக்கும் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து எடுப்பவர்களின் ரத்தத்தில் ஒளிந்திருக்கும் எச்.ஐ.வி.யைத் தேடுவதுதான் என் வேலை என்று போன வாரம் ஒரு வரி எழுதினேன். நாற்பதுக்கு மேல் கேள்விகள் வந்துவிட்டன. முடிந்தவரை சொல்கிறேன், பதில் போட்டுக்கொண்டிருக்கும்போதே வந்தவற்றுக்கும் சேர்த்து. முதலிலேயே ஒன்று: நான் டாக்டர் இல்லை. ஆய்வுக்கூடத்தில் செல் வளர்ப்பவள். உங்கள் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ எனக்கு அதிகாரம் கிடையாது.

திருச்சி வாசகி: ஆறு வருடமாக என் கணவருக்கு வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸ் அளவு) "கண்டறிய முடியாத அளவு" என்றே வருகிறது. வைரஸே இல்லை என்றால் மாத்திரை எதற்கு, அக்கா?

நல்ல கேள்வி, விரிவாகவே சொல்கிறேன். எங்கள் ஊர் வயலில் கோரை முளைக்கும். மேலே உள்ள புல்லை எத்தனை முறை அறுத்தாலும் மண்ணுக்குள் கிழங்கு இருக்கும். வைரல் லோடு பரிசோதனை பார்ப்பது மேலே தெரியும் புல்லை மட்டும்தான்.

கிழங்கு எங்கே இருக்கிறது? நோய் எதிர்ப்பு வேலை பார்க்கும் சிடி4 டி-செல்கள் என்ற வெள்ளை அணுக்களில். எச்.ஐ.வி. இந்தச் செல்லுக்குள் நுழைந்ததும் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி எழுதி, அதைக் கொண்டுபோய் நம் டி.என்.ஏ.விலேயே ஒட்டிவிடும். அரசு மையங்களில் தரும் ஒரே மாத்திரையில் இருக்கும் மூன்று மருந்துகளில் டெனோஃபோவிரும் லாமிவுடினும் அந்த மாற்றி எழுதுவதைத் தடுக்கின்றன. டோலுடெக்ராவிர் ஒட்டுவதைத் தடுக்கிறது. கவனியுங்கள், மூன்றுமே புதிய செல்லுக்குள் வைரஸ் குடியேறாமல் பார்த்துக்கொள்ளும் காவல்தான். ஏற்கெனவே ஒட்டிக்கொண்டதை எந்த மருந்தும் பிய்த்தெடுப்பதில்லை.

தொற்றிய செல்களில் பெரும்பாலானவை சில நாளில் செத்துவிடும். ஒரு சிறு பங்கு மட்டும், வைரஸ் உள்ளே ஏறிய சமயத்தில் வேலை முடிந்து ஓய்வுக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். இவை நினைவுச் செல்கள். முன்பு வந்த கிருமியை ஞாபகம் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் வாழ்பவை. ஓய்வில் இருக்கும் செல், மரபணுக்களைப் படிக்கும் வேலையைக் குறைத்துவிடும். அதோடு வைரஸ் மரபணுவும் அடங்கிவிடும். வைரஸ் புரதம் எதுவும் வெளியே தெரியாததால் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கும் அந்தச் செல் அடையாளம் தெரியாது. வேறெதற்காகவோ அந்தச் செல் விழித்தால் வைரஸும் விழிக்கும். மாத்திரை இருந்தால் வெளியே வரும் வைரஸ் அடுத்த செல்லில் ஏற முடியாது. மாத்திரை இல்லாவிட்டால் ஏறும்.

இப்படி ஒளிந்திருக்கும் செல்களின் இருப்பை லேபில் "ரிசர்வாயர்" என்போம். சிகிச்சையில் இருப்பவர்களிடமும் இது அப்படியே இருக்கிறது என்று 1997இல் மூன்று அமெரிக்கக் குழுக்கள் தனித்தனியாகக் காட்டின. மருந்தை மூன்று வருடம் கொடுத்தால் நோய் போய்விடும் என்று அதுவரை பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

உங்கள் கணவர் செய்வது சரி. நிறுத்தவே கூடாது.

மதுரை வாசகர்: அப்படியானால் எத்தனை செல்லில் இருக்கிறது? தானாகவே செத்துத் தீராதா?

ஓய்வில் இருக்கும் சிடி4 செல்களில், வளரக்கூடிய வைரஸை வைத்திருப்பது சுமார் பத்து லட்சத்தில் ஒன்று. மொத்த உடம்பிலும் அப்படிப்பட்ட செல் பத்து லட்சம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அந்த எண்ணிக்கை பாதியாகக் குறைய 44 மாதம் ஆகும் என்று அளந்திருக்கிறார்கள். பத்து லட்சத்தை இருபது முறை பாதியாக்கினால் ஒன்றுக்கு வரும். இருபதை 44ஆல் பெருக்குங்கள்: 880 மாதம். 73 வருடம். "ஆயுளுக்கும் மாத்திரை" என்பது இந்தக் கணக்கிலிருந்துதான் வந்தது. இதிலும் ஒரு சிக்கல். இருபது வருடத்துக்கு மேல் மாத்திரையில் இருப்பவர்களைப் பார்த்தால், ஒரு கட்டத்துக்குப் பிறகு அந்தக் குறைவும் நின்றுவிடுகிறது.

எண்ணுவது எப்படி என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதுதான் என் பிழைப்பு. ஒருவரிடமிருந்து நிறைய ரத்தம் எடுத்து, ஓய்விலுள்ள சிடி4 செல்களைப் பிரித்து, தட்டுக் குழிகளில் பத்து லட்சம், இரண்டு லட்சம், நாற்பதாயிரம் என்று குறைத்துக்கொண்டே போட்டு, உசுப்பிவிட்டு, தொற்றில்லாதவரின் செல்களைத் தீனியாகச் சேர்த்து, இரண்டு மூன்று வாரம் காத்திருப்போம். எந்தக் குழியில் வைரஸ் புரதம் வந்தது என்று பார்த்துக் கணக்குப் போடுவோம். சலிப்பான வேலை. வைரஸ் மரபணுவை நேரடியாக எண்ணும் பி.சி.ஆர். சோதனை போட்டால் ஒரே நாளில் முடியுமே என்பீர்கள். முடியும்தான். ஆனால் டி.என்.ஏ.வில் ஒட்டியிருக்கும் வைரஸ்களில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் உடைந்தவை, துண்டு போனவை. சாதாரண பி.சி.ஆர். சொத்தைக் கிழங்கையும் சேர்த்து எண்ணிவிடும். அப்புறம், நல்ல நிலையில் உள்ள வைரஸ் எல்லாமே ஒரு தடவை உசுப்பினால் எழுந்து வருவதும் இல்லை. ஆகவே என் எண் உண்மையைவிடக் குறைவு, பி.சி.ஆர். எண் அதிகம்.

பெயர் வேண்டாம் என்றவர்: எனக்கும் பல வருடமாக லோடு இல்லை. ஒரு மாதம் நிறுத்திப் பார்த்தால் என்ன, மேடம்?

வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே திரும்பி வந்துவிடுகிறது. விட்டுவிட்டு மருந்து எடுக்கலாமா என்று பல நாடுகளில் சேர்ந்து பெரிய அளவில் சோதித்தார்கள். ஸ்மார்ட் என்று பெயர். விட்டுவிட்டு எடுத்தவர்களிடம் நோயும் சாவும் அதிகமானதால் 2006இல் பாதியில் மூடினார்கள்.

அமெரிக்காவில் மிசிசிப்பியில் 2010இல் பிறந்த குழந்தையின் கதை தெரிந்திருக்கலாம். பிறந்த 30 மணி நேரத்தில் மருந்து தொடங்கி, சுமார் ஒன்றரை வயதில் நின்றுபோனது. அதன்பின் 27 மாதம் வழக்கமான பரிசோதனைகளில் வைரஸ் பிடிபடவில்லை. குணமாகிவிட்டது என்றே உலகம் எழுதியது. 2014இல் திரும்பிவிட்டது. அத்தனை சோதனைக்கும் சிக்காத கிழங்கு உங்கள் ரிப்போர்ட்டில் சிக்குமா?

சேலம் வாசகர்: கொசு கடித்தால் வருமா?

வராது.

ஈரோடு வாசகி: கிழங்கு உள்ளேயே இருக்கிறது என்றால் என் மூலம் கணவருக்குப் பரவுமா? இதைப் படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள், அம்மா. என் கோரைக் கதை உங்களைப் பயமுறுத்தியிருந்தால் தவறு என்னுடையது. ஒழுங்காக மாத்திரை எடுத்து லோடு கண்டறிய முடியாத அளவில் நிலைத்திருந்தால் உடலுறவு மூலம் பரவுவதில்லை. இதைக் காட்டிய ஆய்வுகளில் ஒன்றான, ஒருவருக்கு மட்டும் தொற்று உள்ள 1,763 தம்பதிகளிடம் நடந்த ஹெச்.பி.டி.என். 052 ஆய்வில் சென்னை, புனே தம்பதிகளும் இருந்தார்கள். அதன் பிறகு ஐரோப்பாவில் நடந்த பார்ட்னர் ஆய்வுகளில், ஆணுறை இல்லாத பல்லாயிரக்கணக்கான உறவுகளில், சிகிச்சையில் லோடு அடங்கியிருந்த துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்று போகவில்லை. ஒளிந்திருக்கும் செல் உங்களுக்குத்தான் தொல்லை, அவருக்கு இல்லை.

நெல்லை வாசகர்: மூலிகையில் குணமாக்குகிறோம் என்று ஒருவர்...

ஏ.ஆர்.டி. மையத்தில் கேளுங்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்பவர் யாராக இருந்தாலும் அந்த வாசலை மிதிக்காதீர்கள்.

கோவை வாசகர்: பெர்லினில் ஒருவர் குணமானாரே? எல்லோருக்கும் அதையே செய்யலாமே?

டிமோத்தி ரே பிரவுன். அவருக்கு ரத்தப் புற்றுநோயும் இருந்தது. 2007இல் எலும்பு மஜ்ஜைச் செல்களை மாற்றினார்கள். எச்.ஐ.வி. உள்ளே நுழையப் பிடித்துக்கொள்ளும் சி.சி.ஆர்.5 என்ற கைப்பிடி இல்லாத கொடையாளரைத் தேடிப்பிடித்தார்கள். அவர் 2020இல் இறந்தது புற்றுநோய் திரும்பியதால். எச்.ஐ.வி. கடைசிவரை திரும்பவில்லை. பாஸ்டனில் இரண்டு பேருக்குச் சாதாரணக் கொடையாளரின் செல்களை வைத்தார்கள். மருந்தை நிறுத்தியதும் ஒருவருக்குச் சுமார் மூன்று மாதத்தில், இன்னொருவருக்கு எட்டு மாதத்தில் வைரஸ் வந்துவிட்டது. இந்த வழியில் குணமானவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்தச் சிகிச்சையிலேயே உயிர் போகும் ஆபத்து உண்டு. புற்றுநோய்க்காக வேறு வழியின்றிச் செய்வதை, ஒரு மாத்திரையில் நன்றாக இருப்பவருக்குச் செய்ய மாட்டார்கள்.

ஒரு நுண்ணுயிரியல் முதுகலை மாணவர்: மேடம், கோரை உவமை தவறு. மருந்து நெறிக்கட்டிகளுக்குள் (நிணநீர் முடிச்சுகளுக்குள்) சரியாகப் போவதில்லை. அங்கே வைரஸ் இன்னும் பெருகிக்கொண்டேதான் இருக்கிறது. கிழங்கு சும்மா தூங்கவில்லை, விதை போட்டுக்கொண்டிருக்கிறது.

வாங்க தம்பி. நெறிக்கட்டியில் மருந்தின் அளவு குறைவு என்று 2014இல் அளந்தது உண்மை. அங்கே வைரஸ் மரபணு மாறிக்கொண்டே இருக்கிறது என்று 2016இல் சிகாகோ குழு எழுதியதும் எனக்குத் தெரியும். ஆனால் அது மூன்றே பேரிடம், அதுவும் சிகிச்சையின் முதல் ஆறு மாத மாதிரிகளில் பார்த்தது. அந்த நாட்களில் குறுகிய ஆயுள் செல்கள் செத்துக் கழியும்போது, மீதமுள்ளவற்றின் மரபணு வரிசை மாறியதுபோலத் தோற்றம் வரும். பல வருடம் கழித்து எடுத்த மாதிரிகளில் பெரும்பாலும் அந்த மாற்றம் தெரிவதில்லை. அரைகுறை மருந்தில் வைரஸ் பெருகினால் மருந்துக்கு மசியாத வகையும் வந்திருக்க வேண்டுமே?

மாணவர் மறுபடி: மருந்து மிகக் குறைவான இடத்தில் மசியாத வகைக்கு லாபம் இல்லை, மேடம். சாதாரண வகையே ஜெயிக்கும். அந்தச் சிகாகோ கட்டுரையிலேயே இதற்கான கணித மாதிரி இருக்கிறது.

படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். சரி, அந்த வாதத்தை நான் வைத்திருக்கக் கூடாது. திரும்பப் பெறுகிறேன். மூன்றோடு நான்காவதாக ஒரு மருந்தைச் சேர்த்தும் ரத்தத்தில் உள்ள மிச்சம் குறையவில்லை என்று சொல்ல வந்தேன். அதுவும் நெறிக்கட்டிக்குள் போயிருக்காது என்பீர்கள்.

ஆனால் இதற்கு என்ன சொல்வீர்கள்? 2014இல் இரண்டு குழுக்கள், வைரஸ் நம் டி.என்.ஏ.வில் எந்த எழுத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது என்று தேடின. ஒரே ஆளின் பல செல்களில், அச்சு பிசகாமல் அதே எழுத்துக்கு அருகில் இருந்தது. முந்நூறு கோடி எழுத்து இருக்கும் இடத்தில் புதுப்புது வைரஸ் வந்து திரும்பத் திரும்ப அதே இடத்தில் ஒட்டுமா? ஒரு செல், தன்னுள் ஏறிய வைரஸோடு சேர்ந்து பிளந்து பெருகியிருக்கிறது. விதை இல்லை, தம்பி. ஒரு கிழங்கு மண்ணுக்குள்ளேயே நாலு கிழங்காகிறது. எந்த வைரஸ் மருந்தும் செல் பிளப்பதை நிறுத்தாது. ஒரு கட்டத்துக்குப் பிறகு குறைவு நின்றுபோவதற்கும் இதைத்தான் காரணமாகப் பார்க்கிறோம்.

தஞ்சை வாசகர்: இரண்டு வாரம் வெளியூர் போகிறேன். திரும்பி வந்து மாத்திரையைத் தொடரலாம்தானே?

மேலே ஒரு முறை சொல்லிவிட்டேன். பையில் மாத்திரையை எடுத்துப் போங்கள்.

சென்னை வாசகி: ஒளிந்திருப்பதை எழுப்பிக் கொல்லும் முறை என்ன ஆயிற்று?

"உசுப்பிக் கொல்" என்பதுதானே. 2012இல் வோரினோஸ்டாட் என்ற புற்றுநோய் மருந்து கொடுத்ததும் உறங்கிய வைரஸ் கண் திறந்தது. பெரிய ஆரவாரம். எழுந்த செல் தானாகச் சாகவில்லை. பிரிட்டனில் ரிவர் என்ற ஆய்வில் 60 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்கு அந்த மருந்தோடு தடுப்பூசியும் சேர்த்துக் கொடுத்தார்கள். 2020இல் முடிவு வந்தது: இரண்டு பக்கமும் ரிசர்வாயர் அதே அளவு. உசுப்புவது எளிது, கொல்வதுதான் வரவில்லை. எதிர்த் திசையில், வைரஸை நிரந்தரமாக உறங்க வைக்கவும் முயல்கிறார்கள். மருந்தே இல்லாமல் வைரஸை அடக்கிவைக்கும் அபூர்வ மனிதர்களிடம், நல்ல நிலையில் உள்ள வைரஸ் மற்றவர்களைவிட அதிகமாக மரபணுக்கள் எதுவும் இல்லாத பாழ்நிலப் பகுதிகளில் ஒட்டியிருப்பதை 2020இல் பார்த்தார்கள். என் சொந்த ஆசை இந்தப் பக்கம்தான்.

வேலூர் வாசகர்: ஒரு வேளை மறந்துவிட்டால்?

உங்கள் ஏ.ஆர்.டி. மையத்து ஆலோசகரைக் கேளுங்கள், அல்லது 1097க்குக் கூப்பிடுங்கள். இலவசம். நான் டாக்டர் இல்லை, இரண்டாம் முறை சொல்கிறேன்.

அதே மாணவர்: செல் பிளந்துதான் பெருகுகிறது என்றால், டி-செல் பிளப்பதையே தடுத்துவிடலாமே, மேடம்?

இதை முதலிலேயே கேட்டிருந்தால் பாதி நேரம் மிச்சமாகியிருக்கும். அம்மையையும் பழைய சளிக்காய்ச்சலையும் நினைவில் வைத்திருக்கும் செல்களும் இதே பிளவில்தான் உயிர் வாழ்கின்றன. கோரையைக் கொல்லப் போய் நாற்றின் வேரை அறுத்துவிடக் கூடாது. எவ்வளவு தடுத்தால் கோரை மட்டும் வாடும் என்பதுதான் கேள்வி. உங்களுக்கு ஆர்வம் இருந்தால் முனைவர் பட்டத்துக்கு எடுங்கள்.

இன்று 14ஆம் நாள் தட்டுகளைப் படிக்க வேண்டும், கிளம்புகிறேன். மீதியுள்ள கேள்விகளில் பதினொன்று "நிறுத்தலாமா" ரகம். பதில் மேலே இருக்கிறது.