கடலுக்கடியில் எழுதுவது

அன்புள்ள ஐயா,

ஓர் அறிவியல் புனைகதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கடலடியில் வாழும் அறிவுள்ள உயிரினம் பற்றியது. உருவத்தில் ஆக்டோபஸை ஒத்தது. அவற்றுக்குத் தீ, தாள், மை எதுவும் கிடையாது. கற்றதையெல்லாம் பாறைச் சுவரில் செதுக்கிவைப்பதாக எழுதினேன். படித்த நண்பர், "நம்ம ஊர் கல்வெட்டைத் தண்ணியில முக்கிட்டே" என்று சிரித்துவிட்டார். கடலில் ஓர் இனம் தன் அறிவை எப்படிப் பதிந்துவைக்கும், எப்படிப் பகிர்ந்துகொள்ளும்?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

உங்கள் நண்பர் சிரித்ததில் பாதி நியாயம் உண்டு. செதுக்குவது நடக்காத காரியமல்ல. ஜாவாவின் டிரினிலில் கிடைத்த நன்னீர்ச் சிப்பி ஒன்றில் ஹோமோ எரெக்டஸ் என்ற ஆதிமனித இனம் கீறிய கோடுகள் இருக்கின்றன. வயது சுமார் 5 லட்சம் ஆண்டுகள். ஆனால் அது மண்ணுக்குள் புதைந்து கிடந்ததால் பிழைத்தது. வெளிச்சம் படும் கடலில் புதிய பரப்பு எதுவானாலும் முதலில் நுண்ணுயிர்ப் படலம், பிறகு பாசி, சிப்பி, ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் கொட்டலசு என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிவிடும். கப்பலின் அடிப்பாகத்தைச் சுரண்டிக்கொண்டே இருப்பது இதனால்தான். உங்கள் பாறைச் சுவருக்கும் சுரண்டுகிறவர்கள் வேண்டும். எதைச் சுரண்டுவது, எதை மூடவிடுவது என்று முடிவெடுப்பவர்களும் அவர்களே. கதைக்குள் இருக்கும் அரசியல் அங்கேதான் இருக்கிறது; நீங்கள் அந்தப் பக்கமே போகவில்லை.

நான் எழுதினால் முடிச்சுகளை எடுத்துக்கொள்வேன். தென் அமெரிக்காவின் இன்காக்கள் கிப்பு என்ற முடிச்சுக் கயிறுகளில் பத்தின் அடுக்குகளாகக் கணக்கு வைத்து ஒரு பேரரசையே நடத்தினார்கள். முடிச்சை இருட்டிலும் தடவிப் படிக்கலாம். உங்கள் உயிரினத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு: ஆக்டோபஸின் உறிஞ்சிகள் தொட்டுச் சுவைப்பவை. நீரில் எளிதில் கரையாத பொருள்களையே அவற்றின் உணர்விகள் கண்டுகொள்கின்றன என்று 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. கரையாதது என்றால் சட்டென்று அலசிப் போகாதது. ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு சுவையைத் தடவிவைத்தால் எண்ணோடு பொருளும் சேர்ந்துவிடுகிறது. கயிற்றை எந்த நாரில் திரிப்பது என்பது உங்கள் பாடு.

பகிர்வது வேறு விஷயம். கடலில் அது மிக எளிது. நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் பாய்கிறது, காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கும் மேல். 1996இல் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் ஓரிரு ஆண் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் மேற்குக் கரையின் பாடலைப் பாடின. 1998இல் கிழக்கில் எல்லாமே அதைத்தான் பாடிக்கொண்டிருந்தன. பழைய பாடல் போயே போய்விட்டது. என் கவலையும் இதுதான். புதியதை இவ்வளவு வேகமாகப் பரப்பும் இடத்தில் பழையதை யார் வைத்திருப்பது?

19ஆம் நூற்றாண்டில் வடபசிபிக்கில் ஸ்பெர்ம் திமிங்கில வேட்டை தொடங்கிய சில ஆண்டுகளுக்குள், எறியீட்டி இலக்கில் பாயும் வீதம் 58 விழுக்காடு சரிந்தது. அடிபட்ட கூட்டங்களிடமிருந்து மற்றவை தப்பும் வழியைக் கற்றிருக்க வேண்டும் என்பது திமிங்கில ஆய்வாளர் ஹால் வைட்ஹெட் குழுவினர் 2021இல் முன்வைத்த விளக்கம். திமிங்கிலங்கள் அதை எங்கும் எழுதவில்லை. நமக்கு அது தெரியவந்ததே அவற்றைக் கொன்றவர்களின் கப்பல் குறிப்பேடுகளால்தான். ஸ்பெர்ம் திமிங்கிலப் பெண்கள் பாட்டி, மகள், பேத்தி என்று ஒரே கூட்டமாக வாழ்பவை. சொல்லவும் ஆள் உண்டு, கேட்கவும் ஆள் உண்டு. முடிச்சுப் போடத்தான் கையில்லை.

உங்கள் ஆக்டோபஸுக்கு எட்டுக் கைகள் இருக்கின்றன, பாட்டிதான் இல்லை. சாதாரண ஆக்டோபஸின் ஆயுளே ஓரிரண்டு ஆண்டுகள். தாய் உணவைத் துறந்து முட்டைகளைக் காத்து, அவை பொரியும் வேளையில் செத்துப்போகிறாள். குஞ்சு எந்தக் கயிற்றைக் கண்டெடுத்தாலும் அதைப் படிக்கச் சொல்லித்தர ஆளில்லை. எதில் எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இந்தச் சிக்கல்தான் பெரிதாகத் தெரிகிறது. இதைத் தீர்க்காமல் அடுத்த அத்தியாயத்துக்குப் போகாதீர்கள்.

அறிவியலிலேயே ஒரு வாசல் திறந்திருக்கிறது. 1977இல் ஜெரோம் வோடின்ஸ்கி என்ற ஆய்வாளர், அடைகாக்கும் ஆக்டோபஸ்களின் கண்களுக்குப் பின்னாலிருக்கும் பார்வைச் சுரப்பியை (optic gland) நீக்கிப் பார்த்தார். அவை அடைகாப்பதை விட்டன, மீண்டும் தின்றன, கூடுதல் காலம் வாழ்ந்தன. தாயின் சாவு அந்தச் சுரப்பியோடு கட்டுண்டது. உங்கள் கதையில் ஒருத்திக்குப் பிறவியிலேயே அது வேலை செய்யாமல் போகட்டும். குஞ்சுகள் பொரித்து வெளியே வருகின்றன, அவள் இன்னும் உயிரோடு இருக்கிறாள், பசிக்கிறது. சுவரையும் செதுக்கலையும் தள்ளிவைத்துவிட்டு, கதையை அங்கே தொடங்குங்கள்.

அன்புடன்.