டக் லீஸ்: அட்வான்ஸ் அனுப்பும் முன் ஒரு போன் போடுங்கள்

ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். நண்பர்கள் நான்கு பேர், நால்வரும் ஹெச்-1பி விசா. போன சீசனில் அலுவலக நண்பர் ஒருவர் வாத்து வேட்டைக்குக் கூட்டிப் போனதிலிருந்து இவர்களுக்கும் அந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. அனஹுவாக் பக்கம் கடலோரச் சதுப்பில் 300 ஏக்கர், இரண்டு பிளைண்ட் (வாத்துக்குத் தெரியாமல் ஒளிந்து சுடப் புல்லால் மூடிய மறைவிடம்), சீசன் முழுக்க வேட்டையாட ஆளுக்கு 1,800 டாலர் குத்தகை என்று ஒருவர் இணையத்தில் விளம்பரம் போட்டிருக்கிறார். பாதிப் பணத்தை இன்றைக்கே ஸெல் என்ற பணம் அனுப்பும் செயலியில் அனுப்பினால்தான் இடம் உறுதியாம், வேறு இரண்டு குழுக்கள் காத்திருக்கின்றனவாம். அனுப்பலாமா என்று கேட்கிறார்.

அனுப்பாதீர்கள். குறைந்தது இன்றைக்கு அனுப்பாதீர்கள்.

எண்ணெய்க் கம்பெனிகளுக்காகக் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) அலுவலகங்களில் பழைய பத்திரங்களைப் புரட்டி, எந்த நிலம் யாருடையது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. இங்கே இதற்கு லேண்ட்மேன் என்று பெயர். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், நல்ல சதுப்பு நிலம் அக்டோபரில் விளம்பரத்துக்கு வராது. ஜனவரிக் கடைசியில் சீசன் முடிந்ததும் பழைய குழுவே அடுத்த வருடத்துக்கும் பேசி முடித்துவிடும், யாராவது விலகினால் பிப்ரவரி, மார்ச்சில் வாய்வழியாகவே ஆள் சேர்ந்துவிடும். அக்டோபரில் கூவிக் கூவி விற்கப்படுவது ஒன்று யாருக்கும் வேண்டாத இடமாக இருக்கும், இல்லையென்றால் விற்கிறவருக்குச் சொந்தமில்லாத இடமாக இருக்கும்.

இரண்டாவது வகை எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். பத்து வருடத்துக்கு முன்னால் நானே ஏமாந்தேன். பத்திரம் பார்க்கிற தொழிலில் இருந்துகொண்டு, நண்பனின் நண்பன் என்று ஒரு தரகரை நம்பிப் பணம் கொடுத்தேன். முதல் நாள் காலை நாலரை மணிக்கு, கும்மிருட்டில், பொம்மை வாத்து மூட்டைகளோடு கேட்டுக்குப் போனால் எங்களுக்கு முன்னால் மூன்று பிக்கப் வண்டிகள் நிற்கின்றன. மூன்று குழுவிடமும் அதே ஒரு பக்க ஒப்பந்தம், அதே கையெழுத்து, அதே பிளைண்ட் நம்பர். கேட்டின் பூட்டு மட்டும் புதுசு. நிலத்துக்காரர் முந்தின வாரமே மாற்றிவிட்டாராம். தரகர் அன்றைக்கு முழுக்கப் போனை எடுக்கவில்லை.

அதனால் செய்ய வேண்டியது இதுதான். அந்த ஆளிடம் நிலத்தின் பார்சல் நம்பர், அதாவது கவுண்டிப் பதிவில் அந்த நிலத்துக்கு உள்ள எண்ணைக் கேளுங்கள். தெரியாது என்றால் கேட் இருக்கும் இடத்தின் மேப் புள்ளியாவது கேளுங்கள். டெக்சாஸில் ஒவ்வொரு கவுண்டிக்கும் சொத்து மதிப்பீட்டு அலுவலகத்தின் இணையதளம் இருக்கிறது, அதில் இலவசமாகவே உரிமையாளர் பெயரும் தபால் முகவரியும் பார்க்கலாம். பார்த்துவிட்டு உரிமையாளரைக் கூப்பிட்டு, 'இந்த ஆளுக்கு நீங்கள் லீஸ் கொடுத்திருக்கிறீர்களா, அவர் எங்களுக்கு உள்குத்தகை கொடுக்க உங்களுக்குச் சம்மதமா' என்று இந்த இரண்டு கேள்வியை மட்டும் கேளுங்கள். ஒப்பந்தத்தில் ஒன்றும் எழுதாவிட்டாலும் டெக்சாஸ் சட்டப்படி குத்தகைக்காரர் நிலத்துக்காரரின் முன்சம்மதம் இல்லாமல் இன்னொருவருக்கு உள்குத்தகை விட முடியாது. தரகர்கள் இதை வாய் தவறிக்கூடச் சொல்ல மாட்டார்கள். அப்புறம், காசு வாங்கிக்கொண்டு வேட்டைக்கு நிலம் விடுகிற உரிமையாளரோ அவருடைய ஏஜென்டோ மாநிலத்திடம் வேட்டை லீஸ் லைசென்ஸ் எடுத்திருக்க வேண்டும், அந்த நம்பரையும் கேளுங்கள். ஏமாற்றுக்காரர் பாதிப்பேர் இந்தக் கேள்வியிலேயே காணாமல் போய்விடுவார்கள்.

உரிமையாளர் என்று ஒரு குடும்ப டிரஸ்டோ பத்து வாரிசுகளோ வந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஒரு வாரிசு கையெழுத்துப் போட்டால் மற்ற வாரிசு தன் மச்சானை அனுப்ப மாட்டார் என்று என்ன நிச்சயம்? மேய்ச்சல் குத்தகை வேறொருவரிடம் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். குளிர்காலத்தில் மாடுகள் சதுப்புக்குள் வரும், உங்கள் பிளைண்டின் புல்லைத் தின்றுவிட்டுப் போகும்.

அனுமதியே செல்லாத நிலத்தில் துப்பாக்கியோடு நின்றால் அத்துமீறியவர் நீங்கள்தான், தரகர் அல்ல. வேட்டை விதிகளைக் கண்காணிக்கும் அதிகாரியான கேம் வார்டன் வந்தால் பெயர் எழுதிக்கொள்வது உங்களுடையதைத்தான். விசாவில் இருப்பவருக்கு அது வெறும் அபராதத்தோடு போகாது.

விசா பேச்சு வந்துவிட்டதால், நீங்கள் கேட்காத விஷயம் ஒன்று. இதைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை. ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். இதற்கு ஒரு விலக்கு இருக்கிறது: அமெரிக்காவில் ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் வைத்திருக்கலாம். பெரும்பாலான நம்மவர்கள் நம்பியிருப்பது இந்த ஒரு அட்டையைத்தான். 'வைத்திருப்பது' என்றால் சொந்தமாக வாங்குவது மட்டும் இல்லை. நண்பரின் துப்பாக்கியை பிளைண்டில் அரைமணி நேரம் கையில் பிடித்தாலும் அதுதான். போன வருடம் விருந்தாளியாகப் போனபோது லைசென்ஸ் எடுத்திருந்தீர்களா என்று நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம். அடுத்தது, டெக்சாஸ் லைசென்ஸ் எந்த மாதம் வாங்கினாலும் வழக்கமாக ஆகஸ்ட் 31-ம் தேதி முடிந்துவிடும். வாத்து சீசனோ நவம்பரில். இடையில் செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாதமும் துப்பாக்கி உங்கள் வீட்டு அலமாரியில் சும்மா இருக்கிறது, நீங்களோ 'சீசன் வரட்டும், எடுத்துக்கலாம்' என்று இருக்கிறீர்கள். விலக்கு போய்விட்டது, துப்பாக்கி மட்டும் வீட்டில் இருக்கிறது. புது லைசென்ஸ் ஆகஸ்ட் பாதியிலேயே விற்பனைக்கு வந்துவிடும், அன்றைக்கே எடுங்கள். இத்தனை பெரிய விஷயத்தை லைசென்ஸ் விற்கும் கடை கவுன்டரில் ஒரு வரி எழுதி ஒட்டினால் என்ன குறைந்துவிடும்? ஒட்ட மாட்டார்கள். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

லைசென்ஸோடு வலசைப் பறவைக்கான கூடுதல் அனுமதி, 25 டாலர் மத்திய டக் ஸ்டாம்ப் (வாத்து வேட்டைக்கு மத்திய அரசு விற்கும் முத்திரை), வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் மூன்றும் வேண்டும். ஈயக் குண்டு கூடாது. யாராவது பிளைண்ட் முன்னால் சோளம் இறைத்திருந்தால், அதை முழுக்க அள்ளிய பிறகும் பத்து நாள் அங்கே சுடக்கூடாது. 'வாத்து நிச்சயம்' என்று தரகர் சத்தியம் பண்ணினால் சந்தேகப்படுங்கள்.

நிலம் உண்மையானதுதான் என்று தெரிந்த பிறகும், பார்க்காமல் எடுக்காதீர்கள். அதுவும் வடக்குக் காற்று அடிக்கிற நாளில் போய்ப் பாருங்கள். தெற்குக் காற்றில் முழங்கால் தண்ணீரோடு குளம் மாதிரி மினுங்கும் சதுப்பு, ஒரு குளிர்காற்று வந்து வளைகுடாத் தண்ணீரைக் கடலுக்குத் தள்ளியதும் காலையில் வெறும் சேறாகக் கிடக்கும். படகு தரைதட்டி நிற்கும், இறங்கினால் தொடை வரை புதையும். அதே காற்றில்தான் வாத்தும் வரும் என்பது கொடுமை. தண்ணீரை நிறுத்த கரையும் மதகும் இருக்கிறதா, மதகை யார் திறந்து மூடுகிறார்கள் என்று கேளுங்கள். மதகு இல்லாவிட்டால் உப்பும் உள்ளே வரும். 2008-ல் ஐக் புயல் இந்தக் கரையில் கடலை உள்ளே ஏற்றியபோது நன்னீர்ச் சதுப்புப் புல் உப்பில் கருகிப்போனது. புல் போனால் கருவால் வாத்துக்கு அங்கே என்ன வேலை?

என்னைக் கேட்டால் இந்த வருடம் லீஸே வேண்டாம். டெக்சாஸில் வளைகுடாத் தண்ணீர் மாநிலத்துக்குச் சொந்தம். அனஹுவாக் பக்கத்தில் ஈஸ்ட் பே என்கிற கிழக்கு வளைகுடாவில் ஒரு சின்னப் படகோடு போய்ச் சுட யாருக்கும் வாடகை தரத் தேவையில்லை. சபைன் ஆற்றைத் தாண்டி லூசியானா போனால் கதையே வேறு, அங்கே அலை ஏறி இறங்கும் கால்வாயைக்கூடத் தன் சொத்து என்று மறிப்பார்கள். போர்ட் ஆர்தர் பக்கத்தில் ஜே.டி. மர்ஃப்ரீ வனவிலங்குப் பகுதிக்கு 48 டாலர் பொது வேட்டை அனுமதி இருந்தால் போதும். அனஹுவாக் சரணாலயத்திலும் வேட்டைக்குத் திறந்த பகுதிகள் உண்டு. கூட்டம் இருக்கும், ராத்திரியே எழுந்திருக்க வேண்டும், விதிகள் பக்கம் பக்கமாக இருக்கும், ஆனால் உங்கள் 7,200 டாலர் உங்களிடமே இருக்கும். அங்கே பழகுகிற ஆட்கள் மூலமாகத்தான் பிப்ரவரியில் நல்ல லீஸ் பற்றிக் காதில் விழும்.

அந்த ஆள் பார்சல் நம்பர் கொடுத்தால் எனக்கு எழுதுங்கள், உரிமையாளர் யார் என்று நானே பார்த்துச் சொல்கிறேன். கொடுக்கவில்லை என்றால் அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை.