மெடிக்கல் கோடிங்கில் சேர்வதற்கு முன்: கேள்வி பதில்

அமெரிக்க மருத்துவமனைகளுக்கான கோடிங், பில்லிங் வேலைக்குத் தயாராகிறவர்கள் கேட்டவை. பதில் சொல்பவர் இத்துறைப் பயிற்றுநர்.

பி.பார்ம் முடித்தவர், நாமக்கல்: சார், கோடிங், பில்லிங் ரெண்டும் ஒண்ணுதானா? எதுல சேரலாம்?

ரெண்டும் வேறு வேலை. டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, நோய்க்கு ஐசிடி-10-சிஎம் கோடும், செய்த சிகிச்சைக்கு சிபிடி கோடும் போடுவது கோடிங். அதை கிளெய்மாக (பணம் கேட்கும் விண்ணப்பமாக) இன்சூரன்சுக்கு அனுப்பி, பணம் வந்ததா, வராவிட்டால் ஏன் என்று விடாமல் பின்தொடர்வது பில்லிங். இன்சூரன்சுக்கு போன் போட்டுக் கேட்கும் ஏஆர் காலிங், அமெரிக்காவின் பகலில் நடக்கும் வேலை என்பதால் நமக்கு நைட் ஷிப்ட். கோடிங் பெரும்பாலும் பகலில்தான். மருந்துப் பெயரும் உடற்கூறும் உங்களுக்கு ஏற்கெனவே பழக்கம். கோடிங் பக்கம் போங்கள்.

பி.காம், மதுரை: எனக்கு பயாலஜியே தெரியாதே, வாய்ப்பு இருக்கா?

ஏஆர் காலிங், வந்த பணத்தைக் கணக்கில் பதியும் பேமென்ட் போஸ்டிங் இரண்டிலும் தாராளமாக இருக்கிறது. கோடிங்குக்குப் பல நிறுவனங்கள் லைஃப் சயன்ஸ், நர்சிங், பிசியோதெரபி படித்தவர்களையே கேட்கின்றன.

மைக்ரோபயாலஜி மாணவி, திருச்சி: எத்தனை கோடு மனப்பாடம் பண்ணணும் சார்?

ஒன்றுகூட வேண்டாம். ஐசிடி-10-சிஎம்மில் மட்டும் 70 ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. ஒவ்வொரு அக்டோபர் 1-ஆம் தேதியும் மாறுகின்றன. சிபிடி ஜனவரி 1-இல் மாறும். படிக்க வேண்டியது கைட்லைன், அதாவது கோடு போடும் விதிமுறை. முதலில் அகரவரிசை இண்டெக்ஸில் தேடுங்கள், பிறகு கோடுகள் வரிசையாக இருக்கும் டேபுலர் பகுதிக்குப் போய், மேலே இருக்கும் எக்ஸ்குளூட்ஸ் (இங்கே சேராதவை) குறிப்புகளையும் படித்து உறுதி செய்யுங்கள். இண்டெக்ஸோடு நிறுத்திக்கொள்வதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு.

மனப்பாடத்தால் எங்கே அடி விழும் என்று பாருங்கள். நோயாளியின் குறிப்பில் டைப் 2 டயபடிஸ், ஹைப்பர்டென்ஷன் (உயர் ரத்த அழுத்தம்), சிகேடி (நாள்பட்ட சிறுநீரக நோய்) ஸ்டேஜ் 3 என்று மூன்று வரி. மனப்பாடக்காரர் இ11.9, ஐ10, என்18.30 என்று போட்டுவிடுவார். முதல் இரண்டும் தப்பு. சிகேடியோடு டயபடிஸோ ஹைப்பர்டென்ஷனோ இருந்தால், தொடர்பில்லை என்று டாக்டரே எழுதாதவரை, தொடர்பு உண்டு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது கைட்லைன். ஆக இ11.22 (சிகேடியோடு டயபடிஸ்), ஐ12.9 (சிகேடியோடு ஹைப்பர்டென்ஷன்), என்18.30. நெடுநாளாக இன்சுலின் போட்டுக்கொள்பவர் என்றால் இசட்79.4-உம் சேரும். ஸ்டேஜ் 3ஏ என்று எழுதியிருந்தால் கடைசிக் கோடு என்18.31.

இன்னொன்று: அவுட்பேஷன்ட் குறிப்பில் "நிமோனியாவாக இருக்கலாம்" என்றால் நிமோனியா கோடு போடக்கூடாது, இருமல், காய்ச்சல் என்று அறிகுறிக்குத்தான் போட வேண்டும். இன்பேஷன்ட் டிஸ்சார்ஜில் அதே வாசகத்துக்கு நோய்க் கோடே போடலாம்.

எமர்ஜென்சி சார்ட் (நோயாளி குறிப்பு) பயிற்சியில் இருப்பவர், சென்னை: காயத்துக்குத் தையல் போட்ட கேஸ்ல ஆடிட்ல தொடர்ந்து எர்ரர் வருது.

மூன்று விஷயம் பாருங்கள்: இடம், நீளம், தையலின் வகை. சைக்கிளிலிருந்து விழுந்தவருக்கு முன்கையில் 2 செ.மீ., காலில் 3 செ.மீ., நெற்றியில் 2 செ.மீ. காயம், எல்லாமே சிம்பிள் ரிப்பேர் (ஒரே அடுக்குத் தையல்) என்று வைத்துக்கொள்வோம். கையும் காலும் ஒரே தொகுப்பு, அதனால் நீளத்தைக் கூட்டி 5 செ.மீ.: சிபிடி 12002. முகம் வேறு தொகுப்பு என்பதால் நெற்றிக்குத் தனியாக 12011. மூன்றையும் கூட்டி 7 செ.மீ. என்று ஒரே கோடு போட்டால் எர்ரர்.

இப்போது கால் காயத்தில் மண் நிறைய ஏறியிருந்து, நெடுநேரம் சுத்தம் செய்து ஒரே அடுக்காகத் தைத்ததாகக் குறிப்பு சொல்கிறது. கால் உடனே இன்டர்மீடியட் (நடுத்தர வகை) ஆகிவிடும்: 12032. கையின் 2 செ.மீ. தனித்து நின்று 12001 ஆகும். வகை வேறானால் கூட்டக்கூடாது. ஸ்டெரி ஸ்ட்ரிப் (காயத்தை மூடும் டேப்) மட்டும் ஒட்டியிருந்தால் ரிப்பேர் கோடே கிடையாது, அது விசிட் கோடிலேயே (டாக்டர் நோயாளியைப் பார்த்ததற்கான கோடு) அடக்கம். நீளம் எழுதப்படவில்லையா? நீங்களாக ஊகிக்காதீர்கள், டாக்டருக்குக் குவெரி போடுங்கள்.

அதே நாளில் தனி விசிட்டும் நடந்தது என்று காட்டும் பின்னொட்டான மாடிஃபையர் 25-ஐ வழக்கமாக ஒட்டாதீர்கள். தையலைத் தாண்டி, உதாரணமாகத் தலைக்காயம் உண்டா என்று தனியாகப் பரிசோதித்திருந்தால்தான் விசிட் கோடோடு அது வரும்.

நர்சிங் முடித்தவர், நாகர்கோவில்: சிபிசி தேர்வு எப்படி இருக்கும்?

கோடர்களுக்கான சான்றிதழ் தேர்வு, ஏஏபிசி என்ற அமெரிக்க அமைப்பு நடத்துவது. 100 கேள்வி, 4 மணி நேரம், தேர்ச்சிக்கு 70 சதவீதம். ஒரு கேள்விக்கு 2 நிமிடம் 24 விநாடிதான். சிபிடி, ஐசிடி, எச்சிபிசிஎஸ் (மருந்து, கருவிகளுக்கான கோடு) புத்தகங்களைப் பார்த்தே எழுதலாம் என்பதால் பலர் ஏமாந்துபோகிறார்கள். பக்கம் புரட்டியே நேரம் கரைந்துவிடும். புத்தக ஓரத்தில் கையால் குறிப்பு எழுதிக்கொள்ளலாம், பக்கத்தை அடையாளம் காட்டும் டேப் ஒட்டலாம், கூடுதல் விஷயம் எழுதிய சீட்டு ஒட்டக்கூடாது. நாலு விடையையும் முதலில் ஒப்பிட்டு, அவை எந்தக் கோடில் வேறுபடுகின்றனவோ அதை மட்டும் சரிபாருங்கள். நெகட்டிவ் மார்க் இல்லை, எதையும் விடாதீர்கள்.

அனுபவம் இல்லாமல் தேறினால் சிபிசி-ஏ (அப்ரண்டிஸ்). இரண்டு வருட வேலைக்குச் சான்று கொடுத்தால் அந்த "ஏ" போகும். 80 மணி நேரக் கோடிங் படிப்புச் சான்று இருந்தால் ஒரு வருடம் போதும்.

ஏஆர் பயிற்சியில் இருப்பவர், கோவை: டினையல் வந்தா உடனே ரீசப்மிட் பண்ணிடலாமா அண்ணா?

வேண்டாம் தம்பி. டினையல் என்றால் இன்சூரன்ஸ் பணம் தர மறுப்பது, அதன் காரணம் கோடாக வரும். சிஓ-16 என்றால் தகவல் குறைகிறது. என்ன குறை என்பது பக்கத்திலிருக்கும் ரிமார்க் கோடில் இருக்கும். திருத்தாமல் அனுப்பினால் டூப்ளிகேட் என்று சிஓ-18 வாங்கித் திரும்பும். தனியார் இன்சூரன்ஸில் திருத்திய கிளெய்முக்கு சிஎம்எஸ்-1500 கிளெய்ம் படிவத்தின் 22-ஆம் கட்டத்தில் 7 என்றும், பழைய கிளெய்ம் எண்ணையும் போடுங்கள். சிஓ-97 வேறொரு கோடில் அடங்கிவிட்டது என்று அர்த்தம், கோடருக்கு அனுப்புங்கள். பிஆர்-1 டினையலே அல்ல, நோயாளி கட்ட வேண்டிய டிடக்டிபிள். சிஓ-29 காலக்கெடு தாண்டியது: அமெரிக்க அரசு இன்சூரன்ஸான மெடிகேருக்குச் சிகிச்சை நாளிலிருந்து ஒரு வருடம், தனியாருக்கு ஒப்பந்தப்படி. கெடுவுக்குள் அனுப்பியதற்கு ஆதாரம் இருந்தால் மட்டும் அப்பீல் செய்யுங்கள்.

பெற்றோர் ஒருவர், சேலம்: டெபாசிட் கட்டினா வேலை உறுதின்னு ஒரு இன்ஸ்டிட்யூட்ல சொல்றாங்க, மகளைச் சேர்க்கலாமா?

டெபாசிட் கட்டாதீங்கம்மா. பயிற்சிக் கட்டணம் வேறு, வேலைக்குக் காசு வேறு. ஒரு டெமோ வகுப்பில் மகளை உட்கார வைத்து, நடப்பு வருடப் புத்தகம் தருகிறார்களா, பெயர் நீக்கிய உண்மையான சார்ட்டுகளில் பயிற்சி உண்டா என்று கேட்கச் சொல்லுங்கள். வெறும் ஜெராக்ஸ் நோட்ஸ் என்றால் வேறு இடம் பாருங்கள்.