சர்க்கரை நோய் ஆய்வுகளில் ‘அபாயம் 58 சதவீதம் குறைகிறது’, ‘செலவு இத்தனை ஆயிரம்’ என்று வரும் எண்களை எப்படிப் படிப்பது?

எந்த எண்ணைப் பார்த்தாலும், ‘யாரில் இத்தனை?’ என்று முதலில் கேளுங்கள். சர்க்கரை நோய் ஆய்வுகளைத் தவறாகப் புரிந்துகொள்வதில் பெரும்பகுதி இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் வருவது.

58 சதவீதத்தையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் நடந்து 2002-ல் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு அது. 3,234 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உணவு, உடற்பயிற்சிப் பயிற்சி, இன்னொன்றுக்கு மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மருந்து, மூன்றாவதற்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. மூன்று ஆண்டுகளில் வெற்று மாத்திரைக் குழுவில் நூற்றுக்கு சுமார் 29 பேருக்கும், மெட்ஃபார்மின் குழுவில் 22 பேருக்கும், பயிற்சிக் குழுவில் 14 பேருக்கும் நோய் வந்தது. (29-லிருந்து 14 என்றால் பாதிதானே என்று தோன்றும்; ஒவ்வொருவரும் ஆய்வில் இருந்த காலத்தையும் சேர்த்து, நோய் வரும் வேகத்தைக் கணக்கிட்டதில் வந்தது 58.) ஏறத்தாழ ஏழு பேருக்கு மூன்று ஆண்டு பயிற்சி கொடுத்தால் ஒருவருக்கு நோய் வராமல் தடுக்கலாம். மருந்தென்றால் 14 பேருக்கு ஒருவர். மிக நல்ல பலன்தான்.

ஆனால் அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் யார் என்று பாருங்கள். ரத்தச் சர்க்கரை (டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற அளவில்) வெறும் வயிற்றில் 95 முதல் 125 வரை, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140 முதல் 199 வரை என்று இரண்டு சோதனையிலும் எல்லைக்கோட்டில் இருந்தவர்கள்; எடையும் கூடியவர்கள். ஒரே ஒரு சோதனையில் லேசாக ஏறியிருக்கும் ஒருவரின் அபாயம் இவர்களுடையதைவிடக் குறைவு. ஒரு கணக்குக்காக, மூன்று ஆண்டில் நூற்றுக்கு 6 பேருக்குத்தான் நோய் வரும் ஒரு கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கும் 58 சதவீதம் குறைந்தால் 6 என்பது 2.5 ஆகும். ஒருவரைக் காப்பாற்ற ஏழு பேருக்குப் பதில் 29 பேருக்குப் பயிற்சி தர வேண்டும். சதவீதம் மாறவில்லை, செலவு நான்கு மடங்காகிவிட்டது.

பயிற்சி என்று எதைச் சொல்கிறார்கள் என்பதும் முக்கியம். 24 வாரத்தில் 16 அமர்வுகள், ஒவ்வொருவருக்கும் தனியாகப் பயிற்றுநர், எடையில் 7 சதவீதம் குறைப்பு, வாரத்துக்கு 150 நிமிட நடை. அப்படியிருந்தும் 24 வார முடிவில் எடை இலக்கை எட்டியவர்கள் பாதிப் பேர்தான். கடைசிப் பரிசோதனையில் அது 38 சதவீதமாக இறங்கியிருந்தது. மக்களுக்கு ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்துவிட்டு 58 சதவீதத்தை எதிர்பார்க்கும் திட்டம் கட்டாயம் ஏமாறும்.

அடுத்தது, எண்ணிக்கை. உலகில் எத்தனை பேருக்குச் சர்க்கரை நோய்? சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2024-க்கு 58.9 கோடி என்கிறது. இன்னொரு பெரிய ஆய்வுக் கூட்டமைப்பு 2022-க்கே 82.8 கோடி என்கிறது. இரண்டுமே பொய்யல்ல. முந்தையது 20 முதல் 79 வயதுவரை உள்ளவர்களை எண்ணியது. பிந்தையது 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் எடுத்து, வெறும் வயிற்றுச் சர்க்கரை 126 அல்லது அதற்கு மேல், ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தச் சோதனை) 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல், அல்லது மருந்து எடுப்பவர் என்று மூன்றில் ஒன்று இருந்தாலே கணக்கில் சேர்த்தது. வரையறையை அகலமாக்கினால் நோயாளிகள் கூடுவார்கள். அதனால் இரண்டு ஆண்டுகளின் எண்களை ஒப்பிட்டு ‘நோய் பெருகிவிட்டது’ என்று சொல்வதற்கு முன், இரண்டும் ஒரே வரையறையில் எடுக்கப்பட்டவையா என்று பாருங்கள்.

ரத்தம் எடுத்த விதமும் முடிவை மாற்றும். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. குழாயில் எடுத்த ரத்தத்தில் அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. அவை குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். அணுக்கள் நீங்கிய திரவமான பிளாஸ்மாவைப் பிரிக்காமல் அறை வெப்பத்தில் வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம்வரை குறையும். ஃபுளோரைடு போட்ட குழாயும் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு இதை முழுதாகத் தடுக்காது. அசல் அளவு 130 உள்ளவரின் ரத்தம் இரண்டு மணி நேரம் வண்டியில் கிடந்தால் ஆய்வகத்தில் 112 முதல் 117 என்று வரலாம். நோயாளி ‘இயல்புக்குச் சற்று மேல்’ ஆகிவிடுகிறார். வீடு வீடாகப் போய் எடுக்கும் கணக்கெடுப்புகளில் இந்தப் பிழை ஒரே திசையில் சேர்ந்துகொண்டே போகும். ஆகவே செய்முறைப் பகுதியில் ‘எத்தனை நிமிடத்துக்குள் பிரித்தார்கள், பனிக்கட்டியில் வைத்தார்களா’ என்று தேடுங்கள். குளுக்கோமீட்டரில் எடுத்திருந்தால் வேறு சிக்கல்: 100-க்கு மேல் கூட்டியோ குறைத்தோ 15 சதவீதம்வரை விலகலைத் தரநிலையே அனுமதிக்கிறது. ஹெச்பிஏ1சிக்கு அதற்கே உரிய தொல்லை உண்டு. இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகை அதை ஏற்றிக் காட்டும். சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நோய்கள் இறக்கிக் காட்டும்.

வயது, இடுப்புச் சுற்றளவு, குடும்பத்தில் நோய், உடலுழைப்பு ஆகியவற்றை வைத்து மதிப்பெண் போடும் அபாயப் பட்டியல்கள் மலிவானவை, பயனுள்ளவை. ஆனால் அவை நோயைக் கண்டுபிடிப்பதில்லை. யாருக்கு ரத்தம் எடுக்கலாம் என்று சொல்கின்றன, அவ்வளவுதான். உதாரணத்துக்கு ஆயிரம் பேரில் நூறு பேருக்குத் தெரியாமல் நோய் இருக்கிறது என்போம். பட்டியல் நோயுள்ளவர்களில் 80 சதவீதத்தையும் நோயில்லாதவர்களில் 70 சதவீதத்தையும் சரியாகப் பிரித்தால், ‘அதிக அபாயம்’ என்று வருவோர் 80-உம் 270-உமாக 350 பேர். அவர்களில் உண்மையான நோயாளிகள் நான்கில் ஒருவர்கூட இல்லை. அந்த 350 பேருக்கும் ரத்தப் பரிசோதனைக்குப் பணமும் ஆளும் ஒதுக்காத திட்டம் வீண் பயத்தைத்தான் பரப்பும்.

சிகிச்சை ஆய்வுகளில் ‘எதை அளந்தார்கள்?’ என்று கேளுங்கள். சர்க்கரை அளவு குறைவதும் ஆயுள் கூடுவதும் ஒன்றல்ல. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரை வைத்து நடந்த ‘அக்கார்ட்’ ஆய்வில், இதய நோய் அபாயம் அதிகமுள்ள சர்க்கரை நோயாளிகளில் ஒரு குழுவுக்கு ஹெச்பிஏ1சியை 6-க்குக் கீழே கொண்டுவர முயன்றார்கள். சர்க்கரை நன்றாகவே இறங்கியது. ஆனால் அந்தக் குழுவில் 257 பேரும், வழக்கமான சிகிச்சை பெற்ற ஏறத்தாழ அதே அளவுள்ள குழுவில் 203 பேரும் இறந்திருந்தார்கள். 2008-ல் அந்தத் தீவிர சிகிச்சையை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். மறுபுறம், பிரிட்டனில் 1998-ல் வெளியான ஆய்வில் சர்க்கரை நோயாளிகளின் ரத்த அழுத்தம் தளர்வாகக் கட்டுப்படுத்திய குழுவில் சராசரியாக 154/87 ஆகவும், இறுக்கமாகக் கட்டுப்படுத்திய குழுவில் 144/82 ஆகவும் இருந்தது; இறுக்கமான குழுவில் பக்கவாதம் 44 சதவீதமும் சர்க்கரை நோய் தொடர்பான இறப்பு 32 சதவீதமும் குறைவு. ஒரு சிகிச்சைத் திட்டத்தை ஹெச்பிஏ1சியை மட்டும் வைத்து மதிப்பிட்டால் இதெல்லாம் கண்ணிலேயே படாது.

செலவுக்கு வருவோம். ஒரு நோயாளி செய்யும் மொத்த மருத்துவச் செலவு வேறு, சர்க்கரை நோயால் கூடுதலாக வரும் செலவு வேறு. அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கில் ஒருவருக்கு ஆண்டுக்கு 19,736 டாலர் ஆகிறது. அதில் சர்க்கரை நோயின் பங்கு 12,022 டாலர். முதல் எண்ணை எடுத்துக்கொண்டு ‘இவ்வளவும் சர்க்கரை நோயால்’ என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு. சராசரியும் ஏமாற்றும். டயாலிசிஸ், கால் நீக்கம், மாரடைப்பு என்று போன சிலரின் செலவு மொத்தச் சராசரியையே தூக்கிவிடும். இடைநிலை அளவும் (எல்லோரையும் செலவு வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் செலவு) தந்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

தடுப்புக்குச் செய்யும் செலவு இன்று, பலன் எப்போதோ. சீனாவின் டாச்சிங் நகரில் 1986-ல் 577 பேரோடு தொடங்கிய தடுப்பு ஆய்வு ஆறு ஆண்டுகள் நடந்தது. 20 ஆண்டு கழித்துப் பார்த்தபோது இறப்பில் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் தெரியவில்லை. 30 ஆண்டு முடிவில் மொத்த இறப்பு 26 சதவீதம் குறைந்திருந்தது. ஐந்து ஆண்டுக் கணக்கு போட்டு ‘தடுப்புத் திட்டத்தால் லாபமில்லை’ என்று முடிவு கட்டும் அறிக்கையை நான் ஏற்க மாட்டேன்.

கடைசியாக, குடும்பங்களின் கைச்செலவைப் பற்றிய ஆய்வுகள். வீட்டுச் செலவில் பத்து சதவீதத்துக்கு மேல் மருத்துவத்துக்குப் போனால் அதைப் ‘பேரிடர் செலவு’ என்று வகைப்படுத்துவது ஒரு வழக்கம். இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பணமில்லாமல் இன்சுலினை நிறுத்தியவரின் செலவு பூஜ்யம். அவர் ‘பாதிக்கப்படாதவர்’ பட்டியலில் போய்ச் சேருகிறார். போக்குவரத்துச் செலவையும், கூட வந்தவர் இழந்த கூலியையும் பல கேள்வித்தாள்கள் கேட்பதே இல்லை. இப்படிப்பட்ட ஆய்வு கையில் கிடைத்தால் முடிவுரைக்குப் போகுமுன் கேள்வித்தாளைத் திறந்து, ‘பணமில்லாமல் மருந்தையோ பரிசோதனையையோ விட்டீர்களா?’ என்ற கேள்வி இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால், மிகவும் ஏழைகளிடம் செலவு குறைவாக இருப்பதாக அந்த ஆய்வு சொல்வதை நம்பித் திட்டம் தீட்டக் கூடாது.